மண் அத்தர்

உத்தரப்பிரதேசத்துக் கன்னோஜ் அத்தர்களில் எது உயர்ந்தது என்று பேச உட்கார்ந்தால், பேச்சு ரோஜாவில் தொடங்கி, அகில் கட்டையின் ஊதில் போய் முடியும். நடுவில் யாராவது தாழம்பூவுக்காகக் குரல் கொடுப்பார்கள். நான் எப்போதும் மண் கட்சி. மிட்டி என்கிற மண் அத்தருக்கு மேல் ஒன்றை என் மூக்கு இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. ஊத் பூசியவர் அறைக்குள் நுழைந்தால், வந்தவர் இன்னார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. மண் அத்தரோ பக்கத்தில் நிற்பவருக்கு அவருடைய ஊரையே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது. பூசியவரை யாரும் கவனிப்பதில்லை.

வெட்டிவேர் ரசிகர்களுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. வேரில் இல்லாத மண்ணா என்பார்கள். உண்டுதான், கோடையில் வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீரைக் குடித்தவர்கள் யாரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் வேரில் இருப்பது நிலத்துக்கு அடியில் கிடக்கும் மண். நான் தேடுவது வெயிலில் காய்ந்து காய்ந்து வெடித்த மேல்மண்.

புறங்கையில் ஒரு சொட்டு வைத்துவிட்டுப் பொறுக்க வேண்டும். முதல் சில நிமிடம் சந்தனம்தான் பேசும். அவசரக்காரர்கள் ‘சந்தனம்தானே’ என்று அதற்குள் கையைத் துடைத்துவிடுவார்கள். உடம்புச் சூடு ஏற ஏறச் சந்தனம் பின்னால் ஒதுங்கும். புதுப்பானையில் ஊற்றிய முதல் தண்ணீரின் வாசம் மேலே வரும். அதற்கும் அடியில், நன்றாக முகர்ந்தால், மெல்லிய காரல் ஒன்று. நனைந்த ஓட்டு வீட்டுச் சுவரில் இருக்குமே, அது. அந்தக் காரல் இல்லாத மண் அத்தரை நான் கையில் வாங்குவதில்லை.

பூ அத்தருக்கும் இதற்கும் வடிக்கும் முறை ஒன்றே. கொதிக்கவைக்கும் அதே செப்பு டேக், அதே மூங்கில் குழாய், தொட்டித் தண்ணீரில் உட்கார்ந்து ஆவியை வாங்கிக்கொள்ளும் அதே பப்கா. டேக்கில் ரோஜாவுக்குப் பதிலாக, பாதி சுட்ட களிமண் துண்டுகள். அடியில் விறகும் வரட்டியும் எரிகின்றன. மண்ணின் ஆவி போய்ச் சேரும் இடத்தில் சந்தன எண்ணெய் காத்திருக்கிறது. பப்காவைக் கையால் தொட்டுப் பார்த்தே சூட்டைக் கணிப்பார்கள். தண்ணீரை அடியில் வடித்துவிட்டு, அதே எண்ணெயை மறுபடி வைத்து, புது மண் போட்டு, நாள் கணக்காக இதைத் தொடர்வார்கள். களிமண் கோடையில் எடுத்ததாக இருக்க வேண்டும். வறண்ட மாதங்களில் காற்றில் மிதக்கும் செடிகொடிகளின் எண்ணெய்ப் பசையை எல்லாம் அது உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. ஐசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1964இல் மழை வாசனையை ஆராய்ந்து, அதற்கு ‘பெட்ரிகோர்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கட்டுரையிலேயே நம் நாட்டு மண் அத்தரைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். விஞ்ஞானம் பெயர் வைக்கும் முன்பே அந்த வாசத்தைக் கன்னோஜில் புட்டியில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள்.

மழை வாசத்தில் பெரும்பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு. மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. ஒரு லட்சம் கோடிப் பங்கில் ஐந்து பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு கண்டுகொள்கிறது. கண்டுகொண்டதும் நடப்பதுதான் ஆச்சரியம். பார்த்ததும் கேட்டதும் மூளையின் தலாமஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு போக, வாசனை மட்டும் நினைவும் உணர்ச்சியும் குடியிருக்கும் இடத்துக்கு நேராகப் போய்விடுகிறது. வாசத்தின் பெயர் பிறகுதான் நமக்கு வரும். அதற்குள் கண் கலங்கியிருக்கும்.

எனக்கு இந்தப் பித்துப் பிடிக்க வைத்தது ரயிலில் வந்த ஒரு பெரியவர். கீழ்ப் படுக்கைக்காரர், வெள்ளை ஜிப்பா. தூங்கப் போகும் முன் சால்வையை எடுத்து ஒரு உதறு உதறினார், அவ்வளவுதான். கோவில்பட்டிப் பக்கத்துக் களத்தில் நின்றுகொண்டிருந்தேன். பங்குனி மாதம். களம் முழுக்கச் சிவப்பாக மிளகாய் வத்தல். மேற்கே கறுத்து, சுண்டைக்காய்ப் பருமனில் துளிகள் விழத் தொடங்கிவிட்டன. “ஏலே, சாக்க எடுத்துட்டு ஓடியா! நனைஞ்சா எல்லாம் சோடையாப் போகும்லே!” என்று அத்தை கத்துகிறாள். முந்தானையில் அள்ளி அள்ளித் தார்ப்பாய்க்குள் தள்ளுகிறாள். வத்தல் நெடியில் எனக்குத் தும்மல் நிற்கவில்லை. அந்த நெடிக்குள்ளேயே கரிசல் நனைந்த வாசம். அத்தை போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அவள் குரலை நினைவில் தேடினால் அகப்பட்டதில்லை. அன்றைக்கு அந்தப் படுக்கையில் ‘லே’யின் இழுப்போடு முழுசாகக் கேட்டது. பெரியவரிடம் கேட்டேன். ஜிப்பாப் பையிலிருந்து விரல் நீளப் புட்டியை எடுத்துக் காட்டி, “மண்ணு தம்பி” என்றார்.

இதைத் தினமும் பூசிக்கொள்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் ரசனையைக் குறை சொல்லவில்லை. ஆனால் எந்த வாசனையும் தொடர்ந்து இருந்தால் மூக்கு அதை மறந்துவிடும். அலுவலகத்துக்கும் கல்யாணத்துக்கும் பூசிப் போனால் அலுவலகமும் கல்யாணமும் அதில் ஏறிக்கொள்ளும். பிறகு களம் எங்கே மேலே வரும்? நினைவைக் கிளப்பும் வாசம் நாம் கூப்பிடாமல், யாரோ கடந்து போகும்போது, ஒரு வீச்சில் வந்து போக வேண்டும். என் புட்டியை நான் மாதக்கணக்கில் திறப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் தொடுவதே இல்லை.

இப்போது கடைகளில் கிடைப்பதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மிட்டி அத்தரின் பாதி உயிர் சந்தனம். அது நம் தெற்கத்திக் காடுகளின் மரம். காடுகளில் மரம் அருகி விலை எகிறிய பிறகு, எண்ணெய்க்குப் பதில் திரவ பாரஃபினில் இறக்குகிறார்கள். பாரஃபின் மணத்தைப் பிடித்துவைக்காது. வைத்த வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். மெல்ல மெல்ல அவிழும் அந்தக் காத்திருப்பே போய்விட்டது. மிஞ்சிய ஈரம் கசிந்து போவதற்காக ஒட்டகத் தோல் குப்பியில் ஆறப்போட்ட பொறுமையும் இன்று அபூர்வம். சென்னையில் ஒரு கடையில் ‘அசல் மிட்டி’ என்று சொல்லித் தந்ததை வீட்டில் வந்து திறந்தேன். பீட்ரூட் நறுக்கிய பலகை வாசம். செயற்கை ஜியோஸ்மினைத் தனியாகக் கலந்தால் அப்படித்தான் இருக்கும். 2014இல் கன்னோஜ் அத்தருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் மகிழ்ந்தேன். அதனால் புட்டிக்குள் சந்தனம் திரும்பி வந்துவிடவில்லை.

நல்ல மிட்டி அத்தரிலும் எனக்கு ஒரு குறை உண்டு. அது கங்கைக்கரைக் களிமண். சாந்தமானது, பானை போடுவதற்கென்றே பிறந்தது. நம் செம்மண் நனைந்தால் இதைவிட இனிப்பு தூக்கலாக இருக்கும். கரிசலுக்கோ ஒரு முரட்டுத்தனம் உண்டு, மூக்கின் உச்சியில் போய்க் குத்தும். கங்கை மண்ணை வைத்தே அத்தையின் குரலைக் கேட்க முடிந்ததென்றால், சொந்த மண்ணை வடித்தால் என்னென்ன வரும்? சித்திரையில் வெடித்துக் கிடக்கும் கரிசலை நாலு சாக்கு அள்ளி, பாதி சுட்டு, நல்ல சந்தன எண்ணெயில் பத்துப் பதினைந்து நாள் இறக்கிக் கொடுக்க மனசுள்ள அத்தர்க்காரர் யாராவது இருந்தால், மண் என் செலவு, சந்தனமும் என் செலவு.