580 என்ற எண்ணுக்குள் ஒரு கடல்

மதுரையிலிருந்து ராமநாதபுரம் சாலையில் போனால், சிலைமானைத் தாண்டிக் கீழடிக்குப் பாதை பிரியும். அங்கே நான்காம் கட்ட அகழாய்வில் எடுத்த ஆறு கரிம மாதிரிகள் அமெரிக்காவின் மியாமியில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போயின. 2019 செப்டம்பரில் தமிழகத் தொல்லியல் துறை முடிவை வெளியிட்டது. 353 செ.மீ. ஆழத்து மாதிரிக்குக் கி.மு. 580, 200 செ.மீ. ஆழத்து மாதிரிக்குக் கி.மு. 205. அன்றிலிருந்து 580 எங்கள் பக்கத்தில் பலருக்கும் மனப்பாடம். பட்டிமன்ற மேடையிலும் கேட்கலாம், டீக்கடையிலும் கேட்கலாம்.

அந்த எண் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆய்வகம் தரும் தகவல்களில் ஆக மெலிந்தது அந்த ஒற்றை ஆண்டுதான். அதைத் தூக்கிப் பிடித்த வேகத்தில் மற்றவற்றைக் கீழே போட்டுவிட்டோம் என்பதே என் வருத்தம்.

விண்கதிர்கள் மேல்வளிமண்டலத்தில் கரிமம்-14ஐ உண்டாக்குகின்றன. உயிரோடு இருக்கும்வரை செடியும் மாடும் மனிதனும் அதை உள்வாங்கிக்கொண்டே இருக்கிறோம். செத்த பிறகு வரவு நின்றுவிடும். 5730 ஆண்டுகளில் இருப்பு பாதியாகும். சாதாரணக் கரிமத்தில் லட்சம் கோடி அணுக்களுக்கு ஓர் அணு இது. ஏ.எம்.எஸ். (முடுக்கி நிறைமாலை) கருவி அதையும் எண்ணிவிடுகிறது, அதுவும் ஒரு நெல்மணி அளவு மாதிரியில். இந்த முறையின் பலத்தில் எனக்கு ஐயமே கிடையாது. பானை வடிவத்தையும் எழுத்தின் நெளிவையும் பார்த்துக் காலம் சொன்ன நாட்களில், ஆளுக்கொரு நூற்றாண்டு சொன்னார்கள். யார் பெரியவரோ அவர் சொன்னதே காலம். அந்த வழக்கத்தை உடைத்தது கரிமம்-14தான்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. செடி இழுத்த காற்றில் கரிமம்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. சூரியன் அடங்கியிருந்தால் விண்கதிர் கூடும், கரிமம்-14ம் கூடும். கூடியதைக் கடல் மெல்ல மெல்ல விழுங்கும். காற்றில் உள்ளதைப்போல ஐம்பது, அறுபது மடங்கு கரிமம் கடலில் கிடக்கிறது, அது லேசான பங்காளி அல்ல. கி.மு. 800ஐ ஒட்டி ஏறிய கரிமம்-14 அடுத்த நூற்றாண்டுகளில் படிப்படியாக இறங்கியது. விளைவு விபரீதமானது. நீளமான ஊதுபத்தியை முதலில் கொளுத்தி, குட்டையானதைப் பிறகு கொளுத்தினால், ஒரு கட்டத்தில் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும் அல்லவா? அதுபோல, கி.மு. 750இல் மடிந்ததும் கி.மு. 420இல் மடிந்ததும் ஆய்வகத்தில் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டும். கி.மு. 800க்கும் 400க்கும் இடைப்பட்ட இந்தப் பகுதிக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் 'ஹால்ஸ்டாட் சமவெளி'.

580 அந்தச் சமவெளியின் நட்டநடுவே விழுகிறது. அப்படிப்பட்ட மாதிரிக்கு நியாயமாகச் சொல்லக்கூடியது ஓர் ஆண்டு அல்ல, சில நூற்றாண்டுகள் நீளும் ஒரு வீச்சு. அந்த வீச்சு கீழடியை இளமையாக்கவும் கூடும், இன்னும் முதுமையாக்கவும் கூடும். பழமையைக் குறைக்க நினைப்பவருக்கும் கூட்ட நினைப்பவருக்கும் அது ஒருசேர ஏமாற்றம்தான்.

பழனிக்கு அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் ஈமச்சின்னம் ஒன்றிலிருந்து எடுத்த நெல்லுக்குக் கி.மு. 490 என்று முடிவு வந்தது. நெல் ஒரு போகத்து உயிர், அதனால் நல்ல மாதிரி. கட்டைக்கரி அப்படியல்ல. வைரம் பாய்ந்த மரத்தின் நடுப்பகுதி, மரம் வெட்டப்படுவதற்கு நூறு ஆண்டு முன்பே கரிமம் வாங்குவதை நிறுத்தியிருக்கும். ஆனால் நெல்லும் அந்தச் சமவெளிக்குத் தப்பவில்லை, 490ம் அதற்குள்ளேயே கிடக்கிறது. சங்கு வளையலைக் கொடுத்துக் காலம் கேட்டாலோ வேறு வம்பு. ஆழத்தில் நெடுங்காலம் தங்கிய பழைய கரிமம் மேலேறிக் கலப்பதால், கடல்வாழ் உயிர்கள் சுமார் 400 ஆண்டு மூத்தவையாகத் தெரியும். அந்தந்தக் கடலுக்கு உரிய திருத்தம் போடாமல் மன்னார் வளைகுடாச் சங்கை நம்பினால், கீழடிக்கு இனாமாக நான்கு நூற்றாண்டு கிடைத்துவிடும்.

கீழடியின் முதலிரு கட்டங்களை அகழ்ந்த தொல்லியலாளர் அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கை கொடுத்தார். 2025 மேயில் இந்தியத் தொல்லியல் துறை திருத்தம் கேட்டது, அவர் மறுத்தார். மாதிரி கிடைத்த ஆழத்தைச் சொன்னால் போதாது, மண்ணடுக்கின் எண்ணும் வேண்டும் என்பது அந்தக் கடிதத்தில் ஒரு குறிப்பு. கடிதத்தின் நோக்கம் பற்றி ஊரில் ஆயிரம் பேச்சு, எனக்கும் சந்தேகம் உண்டு. ஆனால் இந்தக் கேள்வி சரியான கேள்வி. மேல்கீழ் வரிசை உறுதியான அடுக்குகளிலிருந்து ஒரு போகத்து விதைகளாகப் பத்து இருபது மாதிரி எடுத்து, அந்த வரிசையையும் கணக்கில் சேர்த்தால் சமவெளியின் மங்கல் வெகுவாகக் குறையும். சில அளவீடுகளை வைத்துக்கொண்டு இரு தரப்பும் மல்லுக்கட்டுவதைவிட அது மலிவு.

நாம் கீழே போட்டதில் முக்கியமானது இன்னொன்று. ஆய்வக முடிவில் ஆண்டுக்குப் பக்கத்திலேயே கரிமம்-13இன் விகிதமும் இருக்கும். கணக்கைச் சரிசெய்ய அளப்பது அது. நெல்லும் மரமும் ஒரு வகை, அவற்றின் அளவு மைனஸ் 27ஐ ஒட்டி நிற்கும். சோளமும் கம்பும் வேறு வகை, மைனஸ் 12ஐ ஒட்டி. இதே வேறுபாட்டை வைத்துத்தான் சுகுமார், ரமேஷ் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் 1993இல் நீலகிரிச் சதுப்பு நிலத்து மட்கரியிலிருந்து இருபதாயிரம் ஆண்டு மழைக்கதையைப் படித்தார்கள். பனியூழியின் உச்சத்தில் அந்த மலை வறண்டு, சோள வகைப் புற்கள் பெருகியிருந்தன. உலகெங்கும் காடு சுருங்கிய அந்நாளில், காடுகளின் கரிமம் கடலில் போய்ச் சேர்ந்த தடத்தை ஆழ்கடல் நுண்ணுயிர் ஓடுகளும் வைத்திருக்கின்றன. கரிமம்-13 முறையிலும் ஒரு குறை உண்டு. காற்றில் கரியமிலவாயு குறைந்தாலே சோள வகைப் புற்களுக்குக் கொண்டாட்டம். வறட்சி எவ்வளவு, வாயுக்குறைவு எவ்வளவு என்று அந்த ஓர் அளவு மட்டும் பிரித்துச் சொல்லாது.

கீழடியில் மாடு, எருமை, ஆடுகளின் எலும்புகள் கிடைத்தன. நம் வெயிலில் எலும்பின் புரதம் நிற்பது கடினம், பல்லின் எனாமல் நிற்கும். வைகைக் கரையில் கட்டிக்கிடந்த அந்த மாடுகள் வைக்கோல் தின்றனவா, சோளத்தட்டை தின்றனவா என்று எனாமலைச் சுரண்டிக் கரிமம்-13ஐ அளந்தால் தெரியும். அன்று வைகையில் தண்ணீர் எப்படி ஓடியது என்பதற்கும் அதில் ஒரு துப்புக் கிடைக்கலாம்.