எண்ணிட்ட பிரதியும் எரிந்த பிரதியும்

பழனி அடிவாரக் கடையில் முருகனின் ராஜ அலங்காரப் படம் வாங்குகிறவர், அது எத்தனையாவது பிரதி என்று கேட்பதில்லை. எத்தனை ஆயிரம் அச்சடித்தாலும் பூஜை மாடத்துக்குப் போனதும் அது சாமிதான். பிரதிகள் பெருகினால் மூலப் படைப்பின் 'ஒளிவட்டம்' மங்கும் என்று 1930களில் வால்ட்டர் பெஞ்சமின் வாதிட்டதை இந்தக் கடைவீதி லேசில் ஒப்புக்கொள்ளாது. ஆனால் சடங்கின் பிடியிலிருந்து விடுபடும் கலை அரசியலை நோக்கி நகரும் என்று அவர் சொன்னது நமக்கு முக்கியம். அரசியலுக்காகவே அச்சான படத்தைக் கையெழுத்தும் எண்ணும் போட்டு விற்றால், அது மறுபடி சடங்குப் பொருளாகிவிடாதா?

1972 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜார்ஜ் மெக்கவர்னுக்கு நிதி திரட்ட ஆன்டி வார்ஹால் ஒரு பட்டுத்திரை அச்சு செய்தார். படத்தில் இருப்பதோ எதிராளி நிக்சன், பச்சை முகத்தோடு. கீழே மெக்கவர்னுக்கு ஓட்டுப் போடச் சொல்லும் வாசகம். மொத்தம் 250 பிரதிகள், எண்ணிட்டு, கையெழுத்திட்டு. காசு கொடுத்து வாங்கக்கூடியவர் ஏற்கெனவே இந்தப் பக்கம் நிற்பவர். அவரிடம் படம் என்ன பிரச்சாரம் செய்யும்? அது நன்கொடைக்கான ரசீது, அவ்வளவுதான். 50 மாநிலங்களில் 49ஐ நிக்சன் வென்றார். மெக்கவர்ன் தோற்றார், ரசீதுக்கு மட்டும் விலை ஏறிக்கொண்டே போனது.

இதற்கு நேரெதிரானது சித்தபிரசாத்தின் கதை. 1943 வங்கப் பஞ்சத்தின்போது மிட்னாபூர் மாவட்டத்தில் நடந்தே அலைந்து, பசித்தவர்களை வரைந்தும் எழுதியும் 'ஹங்ரி பெங்கால்' என்ற சிறு நூலைக் கொண்டுவந்தார். அச்சான 5000 பிரதிகளைக் கைப்பற்றி எரித்தது பிரிட்டிஷ் அரசு. பலர் கைக்கும் போகும் என்பதுதான் அதன் பயம். குடும்பத்தார் வங்கிப் பெட்டகத்தில் காப்பாற்றிய ஒரு பிரதியைக் கொண்டு, 2011இல் டெல்லி ஆர்ட் கேலரி அதை அச்சு மாறாமல் மறுபதிப்பாக வெளியிட்டது.

இரண்டுமே அபூர்வப் பிரதிகள்தான். ஆனால் ஒன்றின் அபூர்வம் அரசு மூட்டிய தீயால் வந்தது, மற்றதன் அபூர்வம் சந்தை போட்ட கணக்கால் வந்தது. எண்ணிட்ட பிரதிகள் முடிந்ததும் அச்சுக்கட்டையைக் கீறிச் சிதைப்பது அச்சோவிய உலகில் ஒரு வழக்கம். இனி ஒரு பிரதிகூட வராது என்று வாங்கியவருக்குத் தரும் உத்தரவாதம் அது. அரசு பிரதியை எரிக்கிறது, சந்தை கட்டையைக் கீறுகிறது. பயம் வேறு, லாபம் வேறு. ஆனால் படம் பரவக்கூடாது என்பதில் ரெண்டு பேரும் ஒரே கட்சி.

அதற்காகச் சேகரிப்பதே பாவம் என்று சொல்ல வரவில்லை. திண்டுக்கல் சுவரில் இன்றைக்கு ஒட்டும் போராட்டச் சுவரொட்டியை நாளைக்கு இன்னொன்று மூடும், மிச்சத்தை மாடு தின்னும். யாராவது ஒன்றை எடுத்து வைக்காவிட்டால் நமக்கு வரலாறே மிஞ்சாது. பெட்டகத்துப் பிரதி இல்லையேல் மிட்னாபூரின் அந்த முகங்களும் இல்லை. கேள்வி ஒன்றுதான்: பெட்டகத்துக்குள் போன படம் மறுபடி அச்சு யந்திரத்துக்கு வருமா, ஏலக்கடைக்கு வருமா? பலருக்காகப் போட்ட படத்தை வைத்திருப்பவர் அதன் சொந்தக்காரர் அல்ல, மறுபதிப்புக்குக் கடன்பட்டவர்.