கழுதைக் காதுகளும் குழந்தைகளின் கண்ணீரும்

குழந்தைகளை மகிழ்விப்பதற்கென்றே ஆக்கப்பட்ட படைப்புகளுள் சில, அவர்களை நடுநடுங்கச் செய்துவிடுகின்றன. சிறு வயதில் திரையில் கண்ட ஓர் உருவம், தலை நரைத்த பின்னரும் நம் கனவில் வந்து நிற்பதுண்டு. பேய்ப் படம் பார்த்து வந்த அச்சமன்று இது. பெற்றோரே அருகில் அமர்த்தி, 'இது உனக்கான படம்' என்று சொல்லிக் காட்டிய படத்தினின்று பிறந்த அச்சம். இத்தகைய படைப்புகளைக் குழந்தைகளின் கண்ணிலிருந்து மறைத்துவிட வேண்டுமா, அன்றி அவற்றுக்கும் ஒரு பயன் உண்டா என்று பெற்றோர் கேட்கின்றனர். பொதுப்பட விடை கூறுவதைவிட, ஒரே ஒரு படைப்பை எடுத்து ஆராய்ந்து பார்ப்பது தெளிவு தரும் என எண்ணுகிறோம். அப்படைப்பு பினோக்கியோ.

வால்ட் டிஸ்னி 1940-ஆம் ஆண்டு வெளியிட்ட 'பினோக்கியோ' அவரது இரண்டாவது முழுநீளக் கார்ட்டூன் படம். ஜெப்பெத்தோ என்னும் முதியவர் மரத்தில் செதுக்கிய பொம்மை உயிர் பெறுகிறது. நற்பண்பை மெய்ப்பித்தால் உண்மையான சிறுவனாகலாம் என்று நீலத் தேவதை வாக்களிக்கிறாள். ஆனால் பினோக்கியோ நரியின் பசப்பு மொழிக்கு மயங்கி, வண்டிக்காரன் ஒருவனால் 'இன்பத் தீவு'க்கு ஏற்றிச் செல்லப்படுகிறான். அங்கே பள்ளியில்லை, கண்டிப்பில்லை. தின்னலாம், புகைக்கலாம், கண்ணாடிகளை உடைக்கலாம். விரும்பியவாறு ஆடித் திரிந்த சிறுவர்கள் ஒவ்வொருவராகக் கழுதைகளாகிவிடுகின்றனர். வண்டிக்காரன் அவர்களைப் பெட்டிகளில் அடைத்து உப்புச் சுரங்கங்களுக்கும் சர்க்கஸ்களுக்கும் அனுப்புகிறான்.

இப்படத்தில் பெரிய திமிங்கிலம் ஒன்றும் உண்டு. படகுகளை நொறுக்கி, கடலையே கலக்கும் அந்த விலங்கைக் கண்டு குழந்தைகள் கத்துவார்கள், பிறகு மறந்தும்விடுவார்கள். மறக்க முடியாதது லாம்ப்விக் என்னும் சிறுவனின் உருமாற்றமே. பினோக்கியோவுடன் பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருக்கும் அவனுக்கு முதலில் நீண்ட காதுகள் முளைக்கின்றன. அவன் அறியவில்லை. பின்னர் வால் முளைக்கிறது. அப்போதும் அறியவில்லை. பினோக்கியோ கழுதைபோல் சிரிப்பதைக் கேட்டுத் தானும் சிரிக்கிறான். சிரிப்பு கனைப்பாக வெளிவருகிறது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்த பிறகே உண்மை விளங்குகிறது. மண்டியிட்டு நண்பனைப் பற்றிக்கொண்டு கெஞ்சுகிறான். பற்றிய கைகள் குளம்புகளாகின்றன. எஞ்சிய மாற்றத்தைப் படைப்பாளிகள் சுவரில் விழும் நிழலாகவே காட்டுகின்றனர். 'அம்மா' என்று அவன் எழுப்பும் கூக்குரல், முடிவதற்குள் கழுதையின் கத்தலாகிவிடுகிறது.

இக்காட்சியில் குருதி இல்லை, பேய் இல்லை, கொலை இல்லை. ஆயினும் ஏன் இவ்வளவு அச்சம்? குழந்தை அறிந்த பாதுகாப்பு ஒன்றே ஒன்றுதான்: கூப்பிட்டால் அம்மா வருவாள் என்பது. கூப்பிடும் குரலே பறிபோய்விடுமானால்? அம்மாவே எதிரில் வந்து நின்றாலும், 'இது என் பிள்ளை' என்று அடையாளம் காணாமற்போனால்? இருட்டறையில் தனித்துவிடப்பட்ட ஒவ்வொரு குழந்தையும் உள்ளூர அஞ்சுவது இதற்கே. அந்த அச்சத்தைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு, இப்படம் அதை உருவமாக்கிக் காட்டிவிடுகிறது. சுருட்டுப் புகைப்பவன் கழுதையாவான் என்னும் நீதி மேற்பரப்பில் உள்ளது. உற்றாரிடமிருந்து முற்றாகப் பிரிக்கப்படுதல் என்னும் திகிலோ அதனடியில் கிடக்கிறது.

அச்சத்தின் தரத்தை வேறுபடுத்திப் பார்க்கப் புனித தாமஸ் அக்குவினாஸ் நமக்குத் துணை செய்வார். தண்டனைக்கு அஞ்சுவது அடிமைக்குரிய அச்சம். தந்தையின் மனத்தைப் புண்படுத்தி அவரைப் பிரிய நேருமோ என அஞ்சுவது மகனுக்குரிய அச்சம். முன்னதை அவர் முற்றிலும் தீயதென ஒதுக்கவில்லை. அது நன்மைக்கு ஒரு தொடக்கமாகலாம். ஆனால் அங்கேயே நின்றுவிடலாகாது. இவ்வளவுகோலைக் கொண்டு படத்தை அளந்தால், அதன் கட்டமைப்பு விளங்குகிறது. தீவிலிருந்து பினோக்கியோ தப்பி ஓடுவது அடிமை அச்சத்தால். வீடு திரும்பியதும், தன்னைத் தேடிச் சென்ற தந்தையைத் திமிங்கிலம் விழுங்கிவிட்டது என அறிகிறான். அறிந்தவுடன், கழுதைக் காதுகளும் வாலும் ஒட்டியிருக்கக் கடலுக்குள் குதிக்கிறானே, அது மகனுக்குரிய அச்சத்தால், அதாவது அன்பால். யோனா தப்பியோடி மீனின் வயிற்றில் விழுந்தார். பினோக்கியோ தேடிச் சென்று விழுகிறான். தந்தையைக் காப்பாற்றித் தன் உயிரை இழக்கும்போதுதான், அவன் உண்மை மகனாக எழுப்பப்படுகிறான். ஆக, இப்படம் அச்சுறுத்துவதோடு நில்லாமல், அச்சத்தை அன்பாக வளர்த்துச் செல்கிறது. இது அதன் பெருமை.

ஆயினும், ஒரு பெருங்குறையைச் சுட்டாமல் விட இயலவில்லை. தீவில் அடைபட்ட ஏனைய சிறுவர்கள் என்னவாயினர்? வீட்டுக்குப் போக வேண்டும் என்று கழுதை வடிவில் அழும் அலெக்சாண்டர் என்னும் பிள்ளையை நாம் ஒருமுறை பார்க்கிறோம். பிறகு கதையில் அவனைப் பற்றிய பேச்சே இல்லை. லாம்ப்விக் மீட்கப்படவில்லை. வண்டிக்காரன் தண்டிக்கப்படவும் இல்லை. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிச் சென்ற ஆயனை நாம் அறிவோம். இங்கோ ஒன்று தப்பிவிடுகிறது. தொண்ணூற்றொன்பதை எவரும் தேடவில்லை. பாட்டும் கொண்டாட்டமுமாகப் படம் முடியும்போது பெரியவர்கள் நிறைவடைகிறார்கள். குழந்தையோ, 'அந்தப் பையன் என்ன ஆனான்?' என்று கேட்கிறது. குழந்தையின் அக்கேள்வியே சிறந்த திறனாய்வு. இரவில் அதன் உறக்கத்தைக் கெடுப்பதும் அக்கேள்விதான்.

இதற்கு மறுமொழி மூல நூலில் இருக்கிறது. ஃபுளோரன்சு நகரில் 1826-இல் பிறந்த கார்லோ லொரென்சினி, தம் தாயின் ஊரான கொல்லோடியைப் புனைபெயராகக் கொண்டவர். இளமையில் குருமடத்தில் பயின்றவர். 1881-இல் சிறுவர் இதழ் ஒன்றில் இக்கதையைத் தொடராக எழுதத் தொடங்கினார். திரைப்படத்தைவிட அது கடுமையானது. அறிவுரை கூறும் சிள்வண்டைப் பினோக்கியோ சுத்தியலால் அடித்துக் கொன்றுவிடுகிறான். மருந்துண்ண மறுத்தபோது, நான்கு கறுப்பு முயல்கள் சவப்பெட்டியுடன் வந்து நிற்கின்றன. பதினைந்தாம் அத்தியாயத்தில் நரியும் பூனையும் அவனைப் பெரிய கருவாலி மரத்தில் தூக்கிலிடுகின்றன. தந்தையை நினைத்து ஏங்கியபடியே அவன் உயிர் பிரிகிறது. அதனுடன் கதையை முடித்துவிட எண்ணிய ஆசிரியர், வாசகர் வற்புறுத்தலால் மீண்டும் தொடர்ந்து, 1883-இல் நிறைவு செய்தார்.

இவ்வளவு கடுமையான நூல், ஓரிடத்தில் படத்தைவிட இரக்கமுடையதாக விளங்குகிறது. விளக்குத் திரி எனப் பொருள்படும் லுச்சிஞோலோ என்பதே அந்நூலில் அந்நண்பனின் பெயர். இறுதி அத்தியாயத்தில், நோயுற்ற தந்தைக்கு ஒரு குவளைப் பால் வேண்டிப் பினோக்கியோ தோட்டக்காரன் ஒருவனிடம் செல்கிறான். நூறு வாளி நீர் இறைத்தால் பால் தருவதாகக் கூறும் அம்மனிதன், இதுவரை இறைத்து வந்த கழுதை சாகக் கிடக்கிறது என்கிறான். கொட்டிலுக்குள் சென்று பார்த்த பினோக்கியோ, கழுதைகளின் மொழியிலேயே 'நீ யார்?' என வினவுகிறான். தன் பெயரைச் சொல்லிவிட்டு அவ்விலங்கு இறந்துபோகிறது. ஒரு கழுதைக்காக அழுவதா எனத் தோட்டக்காரன் வியக்க, இவன் என் பள்ளித் தோழன் எனப் பினோக்கியோ விடை கூறுகிறான். பிறகு நண்பன் இழுத்த அதே பொறியைத் தானே இழுத்து, தந்தைக்குப் பால் கொண்டு செல்கிறான்.

லுச்சிஞோலோ மீட்கப்படவில்லை என்பது உண்மையே. ஆனால் அவன் அடையாளம் காணப்பட்டான். பறிபோன அவன் குரலைப் புரிந்துகொள்ள ஒருவன் இருந்தான். அவனுக்காகக் கண்ணீர் விடவும், அவன் சுமையைத் தோளில் ஏற்கவும் ஒருவன் இருந்தான். குழந்தையின் அடியாழத்து அச்சத்திற்கு இதைவிடப் பொருத்தமான ஆறுதல் இல்லை. படம் எழுப்பிய வினாவை நூல் நேர்மையுடன் எதிர்கொள்கிறது.

திருச்சபையின் பெரியோர் இருவர் இக்கதையைப் பொருட்படுத்தினர் என்பதும் நினைக்கத்தக்கது. வெனிஸ் நகர முதுபெரும் தந்தையாக இருந்த அல்பினோ லூச்சியானி, 1978-இல் முதலாம் யோவான் பவுல் என்னும் பெயருடன் திருத்தந்தையானவர். புகழ்பெற்றோர்க்கு அவர் எழுதிய கற்பனைக் கடிதங்களுள் ஒன்று பினோக்கியோவுக்கு உரியது. ஏழு வயதில் அந்நூலைப் படித்ததையும், அப்பொம்மையில் தம்மையே கண்டதையும் அதில் நினைவுகூர்கிறார். பிற்காலத்தில் கர்தினாலான ஜாக்கொமோ பிஃபி, 1977-இல் இக்கதைக்கு இறையியல் விளக்கமாகத் தனி நூலே எழுதினார். தந்தையின் கையால் ஆக்கப்பட்டு, அவரை விட்டு ஓடி, மீண்டும் அவரிடம் திரும்பும் மகனின் கதையில் அவர் மீட்பின் வரலாற்றைக் கண்டார். இவ்விருவரும் குழந்தைக் கதையின் இருளைக் கண்டு முகஞ்சுளிக்கவில்லை.

2022-இல் கில்லர்மோ தெல் தோரோ உருவாக்கிய பினோக்கியோவில் இன்பத் தீவே கிடையாது. முசோலினி காலத்து இத்தாலியில் சிறுவர்களைப் போருக்குப் பழக்கும் முகாம் அதன் இடத்தில் நிற்கிறது. அங்கே எவனுக்கும் கழுதைக் காது முளைப்பதில்லை. சீருடையும் துப்பாக்கியும் போதுமானவையாகிவிடுகின்றன. பினோக்கியோவைச் சுடும்படி தந்தையே ஆணையிட, அந்தச் சிறுவன் மறுத்து நிற்கிறான். கேளிக்கை மட்டுமன்று, கண்மூடிய கீழ்ப்படிதலும் பிள்ளையை விலங்காக்கும் என்னும் உண்மையை இப்படம் உணர்த்துகிறது. 1940-இன் படம் சொல்லத் தவறியதும் இதுவே. கீழ்ப்படியாதவனைக் கழுதையாக்கிக் காட்டிய அப்படம், கழுதைகளை விற்றுப் பொருள் ஈட்டிய வண்டிக்காரனைக் கேள்வி கேட்கவில்லை.

அப்படியாயின் பெற்றோர்க்கு நாம் சொல்லக்கூடியது யாது? பூச்சாண்டி காட்டிச் சோறூட்டும் அச்சம் வேறு. மெய்யான தீமையை உருவகமாகக் காட்டும் அச்சம் வேறு. முன்னது பிள்ளையை அடக்குவதற்கு. பின்னது பிள்ளையை விழிப்படையச் செய்வதற்கு. வண்டிக்காரர்கள் உலகில் இருக்கின்றனர். இன்று அவர்கள் கைப்பேசித் திரை வழியாகவும் வீட்டுக்குள் வருகின்றனர். அவர்களைப் பற்றி அறியாத பிள்ளை பாதுகாப்பான பிள்ளையன்று. எனினும், மிக இளம் வயதினரிடம் இக்காட்சியைத் திணிக்க வேண்டியதில்லை. காட்டும்போது அவர்களைத் தனியே விட்டு அடுக்களைக்குச் செல்லவும் வேண்டாம். லாம்ப்விக் 'அம்மா' என்று கத்தும் வேளையில், அருகில் அமர்ந்திருக்கும் அம்மாவின் மடியில் பிள்ளை முகம் புதைக்கட்டும். படம் முடிந்த பின், 'அந்தப் பையன் என்ன ஆனான்?' என அது கேட்குமாயின், 'அது வெறும் கதை' என்று வாயடைக்காமல், கொட்டிலில் நடந்ததை எடுத்துச் சொல்லுங்கள். கழுதையின் குரலிலும் தன் நண்பனை ஒருவன் அடையாளம் கண்டுகொண்டான் என்று சொல்லுங்கள். அதன் பிறகு பிள்ளை கேட்கும் கேள்விகளுக்கும் பொறுமையாக விடை கூறுங்கள்.