கூண்டுக்கு ஒரு படிப்பு, காட்டுக்கு ஒரு படிப்பு

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அக்கா மகள் போன மாசம் கேட்டாள்: "மாமா, ஜூவுல இருக்குற விலங்கைப் பாத்துக்கிறது, காட்டுல இருக்குறதைக் காப்பாத்துறது, ரெண்டும் சேர்ந்த ஒரே படிப்பு இங்க இருக்கா? இங்கிலாந்துல இருக்காம்." நான் பி.இ. முடித்து மென்பொருள் எழுதுகிறவன். உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பாடத்திட்டங்களைத் தேடிப் படித்தபோது எழுதி வைத்த குறிப்புகள்தான் இவை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம்மூரில் இவை இரண்டும் தனித்தனிப் படிப்புகள். அந்தப் பிரிவினைமேல்தான் எனக்கு விமர்சனம்.

புதுச்சேரியையே எடுத்துக்கொள்வோம். காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தின் சூழலியல் துறை. குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி. கொஞ்சம் தள்ளிப் போனால் மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் காட்டுயிரியல் முதுகலை. இன்னும் தூரம் போகத் தயார் என்றால், 1982-இல் தொடங்கிய டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனம். காட்டுயிரியல் பக்கம் போனால் கணக்கெடுப்பு, தானியங்கி கேமரா, வாழிடம் எல்லாம் கற்கலாம். மருத்துவப் பக்கம் போனால் நோய், மயக்க மருந்து, அறுவை சிகிச்சை. ஆனால் அடைத்து வைத்த விலங்குக்குத் தினமும் என்ன கொடுப்பது, எதை எதோடு சேர்ப்பது, உறவுக்குள்ளேயே இனம் பெருகாமல் வம்சாவளிப் பதிவேட்டை எப்படி வைப்பது, அதன் சலிப்பை எப்படிப் போக்குவது? இவை இரண்டு பக்கமும் பெரும்பாலும் ஓரிரு பாடங்களாக வந்து போகின்றன.

"ஜூ என்பதே சிறை, அதுக்கு ஒரு பட்டமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அடைத்து வைத்த விலங்குகள் ஏற்கெனவே நம் கையில் இருக்கின்றன. காட்டுயிர்ப் பாதுகாப்புக்குத் துணை நிற்பதே பூங்காக்களின் முதல் நோக்கம் என்று 1998-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கையும் சொல்கிறது. இரண்டையும் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு முதலை ஒரு நல்ல பாடம்.

1975-இல் இந்திய அரசு ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் உதவியோடு முதலைத் திட்டத்தைத் தொடங்கியது. ஆற்றங்கரையில் முட்டை எடுத்து, பொரிக்க வைத்து, குட்டிகளை வளர்த்து மறுபடி ஆற்றில் விடுவது திட்டம். மறுவருஷமே ரோமுலஸ் விட்டேக்கர் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை தொடங்கினார். நம்ம தென்பெண்ணையில் இருக்கும் சாத்தனூர் அணையிலும் பண்ணை வந்தது. வளர்ப்பு வேலை பிரமாதமாக நடந்தது, நன்னீர் முதலைகள் பெருகின. ஆனால் விட ஆறு இல்லை. அணை, மணல் அள்ளல், கரையெல்லாம் ஜனம். வடநெம்மேலியிலிருந்து ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்புவது பற்றிய வழக்கு 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போனது. நீள்மூக்கு முதலையான கரியாலை வட இந்திய ஆறுகளில் ஆயிரக்கணக்கில் விட்டார்கள். அப்படியும் 2007-இல் அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது.

எங்கள் தொழில் மொழியில் சொன்னால், புரோகிராம் அருமை, ஓட்டுவதற்கு சர்வர்தான் இல்லை.

இதற்கு நேரெதிர் அசாமின் குள்ளப் பன்றித் திட்டம். 1996-இல் மானஸ் காட்டில் பிடித்த ஆறே ஆறு பன்றிகளில் தொடங்கியது. விடுவதற்கு முன் மனித வாடை அதிகம் படாத புல்வெளி அடைப்பில் குட்டிகளைப் பழக்கினார்கள், புல்வெளிகளைச் சீராக்கவும் வேலை செய்தார்கள். 2008-இல் முதல் விடுவிப்பு. கூண்டு தெரிந்தவரும் புல்வெளி தெரிந்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததுதான் இதில் விசேஷம் என்பது என் வாசிப்பு.

இந்த இரட்டை அறிவு நம் பக்கத்திலேயே இருக்கிறது, பட்டம்தான் இல்லை. வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் பாம்பைப் பிடித்து, சில வாரம் பானையில் வைத்துப் பராமரித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விடுகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரையும் மலைப்பாம்பு பிடிக்க 2017-இல் புளோரிடா பல்கலைக்கழகம் அழைத்தது. 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இப்படிப்பட்டவர்களுக்கும், பூங்காக்களில் முப்பது வருஷம் யானை, புலி பார்த்த பராமரிப்பாளர்களுக்கும் வகுப்பில் பீரியடு ஒதுக்க வேண்டும். கௌரவ விருந்தினராக அல்ல, ஆசிரியராக.

மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி 2022 நவம்பர் 30 காலை நடைப்பயிற்சியில் விழுந்து இறந்தாள். ஊரே அழுதது, நானும் போய் நின்றேன். ஒரு யானை தினம் எவ்வளவு நடக்க வேண்டும், கல் தரை பாதத்தை என்ன செய்யும், துணையில்லாமல் இருப்பது மனசை என்ன செய்யும்? இதையெல்லாம் முழுநேரமாகப் படித்த ஒருவர் இந்த ஊரில் தேவை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. காலாப்பட்டும் குரும்பாபேட்டும் அவளுக்கு இரண்டு பக்கமும் இருந்தன. ரெண்டுக்கும் நடுவில் ஒரு பாடம் இல்லை.

புதுப் பல்கலைக்கழகம் எதுவும் கட்டத் தேவையில்லை. இந்த இரண்டு வளாகங்களும் சேர்ந்து ஒரு முதுகலை நடத்தலாம். ஒரு பருவம் வண்டலூர் பூங்காவில், ஒரு பருவம் காட்டில். ஆனால் படித்தவர்களுக்குப் பூங்காக்களில் நிரந்தரப் பணியிடம் வேண்டும், இல்லாவிட்டால் இதுவும் சுவரில் மாட்டும் சான்றிதழ்தான்.

அக்கா மகளிடம் இப்போதைக்கு விலங்கியல் சேரச் சொன்னேன், விடுமுறையில் பூங்காவில் தன்னார்வ வேலை பார்க்கவும் சொன்னேன். "அப்போ ரெண்டையும் நானேதான் ஒட்ட வைக்கணுமா மாமா?" என்றாள். இப்போதைக்கு ஆமாம்.