காட்டைக் காலி செய்தது யார்?

இணைய விளையாட்டு வடிவமைப்பாளர்களுக்குப் பிடித்தமான கதை ஒன்று உண்டு. 1997இல் வெளிவந்த 'அல்டிமா ஆன்லைன்' உலகில் புல்லைத் தின்ன முயல், முயலைத் தின்ன ஓநாய் என்று ஓர் உணவுச் சங்கிலியையே அமைத்திருந்தார்கள். ஆட்டக்காரர்கள் உள்ளே வந்தார்கள், கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டிச் சாய்த்தார்கள், சங்கிலி அறுந்தது. அந்த விளையாட்டை உருவாக்கிய ரிச்சர்ட் காரியட் இதைப் பேட்டிகளில் சுவையாகச் சொல்லியிருக்கிறார். கேட்பவர்களும் மனிதனின் பேராசைக்கு ஆய்வுக்கூடச் சான்று கிடைத்துவிட்டதாக நம்பிவிடுகிறார்கள்.

முயற்சி பெரியதுதான். அந்தக் காலத்துச் சர்வர்களை வைத்துக்கொண்டு அப்படி யோசித்ததே துணிச்சல். விலங்குகள் இரை தேடும் கணக்கு சர்வருக்குப் பெருஞ்சுமையானது என்று அந்த விளையாட்டின் வடிவமைப்பாளர் ராஃப் கோஸ்டரே பின்னர் எழுதினார். கதை சொல்பவர்கள் ஏனோ அதை விட்டுவிடுகிறார்கள்.

என் மறுப்பு வேறு. அந்த உலகின் விதிகளைப் பாருங்கள். எந்தத் திறனும் செய்யச் செய்யத்தான் கூடும். தையல்காரனாக முன்னேற வேண்டுமா, யாருக்கும் வேண்டாத சட்டைகளைத் தைத்துக் குவிக்க வேண்டும். உலகின் மொத்த வளத்துக்கோ ஓர் உச்சவரம்பு இருந்தது; சட்டையாகி வீட்டுக்குள் முடங்கிய கம்பளி அழியும்வரை புதுக் கம்பளிக்கு இடமில்லை. தைக்கச் சொன்னதும் விதி, தைத்ததால் தட்டுப்பாடு வந்ததும் விதி. பழி மட்டும் ஆட்டக்காரன் தலையில்.

அந்த உலகில் வீடு வாங்கலாம், பூட்டலாம். காட்டுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. எத்தனை முயல் மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. இந்த மாதம் இங்கே வேட்டை வேண்டாம் என்று பத்துப் பேர் முடிவெடுத்தாலும், பதினோராவது ஆளைத் தடுக்க ஆட்டம் அவர்களுக்கு எந்த அதிகாரமும் தரவில்லை. இப்படி ஓர் இடத்தைக் கட்டிவிட்டு, மக்கள் கூடிப் பேசிக் காக்கவில்லையே என்று வியப்பது எந்த நியாயம்?

1968இல் சூழலியலாளர் காரெட் ஹார்டின் பொதுமேய்ச்சல் நிலத்தைப் பற்றிச் செய்த பிழையும் இதுவே. ஆளுக்கொரு மாடு கூட்டுவார்கள், நிலம் அழியும் என்றார். மேய்ப்பவர்கள் பேசிக்கொள்வார்கள் என்பதை மறந்தார். எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூலில் ஸ்பெயினின் பாசன வாய்க்கால்களையும் சுவிட்சர்லாந்தின் மேய்ச்சல் மலைகளையும் காட்டினார். அங்கே மக்கள் நூற்றாண்டுகளாகத் தாங்களே விதி வகுத்து, கண்காணித்து, மீறியவர்களுக்குத் தண்டம் விதித்துப் பொதுவளத்தைக் காத்திருக்கிறார்கள். 2009இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசும் கிடைத்தது. விளையாட்டுத் துறையோ இன்னும் ஹார்டினிலேயே நிற்கிறது. வளம் தீர்ந்தால் சூனியத்திலிருந்து புதிதாக ஊற்றுவது, பிறகு வரி, கட்டணம் என்று உறிஞ்சுவது. அதற்கு மேல் யோசிப்பவர்கள் குறைவு.

2018இல் முன்னோட்டமாகப் பரவலாக வெளிவந்த 'ஈகோ' என்ற விளையாட்டு அப்படி யோசித்தது. அதில் மரம் வெட்டவும் வேட்டையாடவும் ஆட்டக்காரர்களே சட்டம் இயற்றி வாக்களிக்கலாம். சட்டத்தை ஆட்டமே செயல்படுத்தும். விலங்குகளின் எண்ணிக்கை வரைபடமாகக் கண்முன் இருக்கும். அங்கேயும் சில உலகங்கள் அழியத்தான் செய்கின்றன. ஆனால் அந்த அழிவுக்கு ஆட்டக்காரர்களைக் குற்றம் சொல்ல நமக்கு உரிமை உண்டு. அல்டிமாவின் முயல்களுக்கு அதை உருவாக்கியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.