தன் இடத்துக்குத் திரும்பும் ஸ்லைடு

திருப்பூரில் எந்த பனியன் கம்பெனிக்குள் போனாலும் கட்டிங் மேஜைக்குப் பக்கத்தில் பேட்டர்ன் அட்டைகள் கொத்தாகத் தொங்கும். ஓரத்தில் ஓர் ஓட்டை, அதில் ஒரு கயிறு. முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்து ரிப் என ஒவ்வோர் அட்டையிலும் ஸ்டைல் நம்பரும் சைஸும் எழுதியிருக்கும். அட்டை சரியாக இருந்தால் ஆயிரமாவது பனியனும் முதல் பனியனைப் போலவே வரும். அட்டை கால் அங்குலம் தப்பினால் ஆயிரமும் தப்பும்.

அதே கட்டடத்தின் மாடியில் மெர்ச்சண்டைசர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் நிட்டிங் மெஷினையும் சாயப்பட்டறையையும் எழுதுவார்கள். மாடியில் ஓடும் பவர்பாயின்ட் அவர்கள் கண்ணில் படுவதில்லை. ஆனால் ஒரு சீசனின் கலெக்ஷன் பையரின் கைக்குப் போவதற்கு முன் அவர் கண்ணுக்குப் போவது ஸ்லைடாகத்தான். ஒரு ஸ்டைலுக்கு ஒரு ஸ்லைடு. மேலே ஸ்டைல் நம்பர். இடப்பக்கம் முன்புற போட்டோ, அதையடுத்து பின்புற போட்டோ. வலப்பக்கம் துணி விவரம்: 100% காட்டன், சிங்கிள் ஜெர்சி, 180 ஜிஎஸ்எம். கீழே கலர் கட்டங்கள். இப்படி 80 ஸ்லைடு.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் 80 ஸ்லைடையும் மவுஸால் இழுத்து இழுத்துத்தான் அடுக்கினேன். முடித்து அனுப்பினால் மறுநாள் ஒரு வரியில் மெயில் வரும்: போட்டோவைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள், துணி விவரத்தைக் கீழே கொண்டுவாருங்கள். ஒரு வரிதான். ஆனால் 80 முறை. இருபதாவது ஸ்லைடிலேயே கை சோர்ந்துவிடும். ஐம்பதாவதில் போட்டோ ஒரு நூலளவு இறங்கியிருக்கும். பக்கத்தைப் புரட்டும்போது படம் மேலும் கீழும் குதிப்பது அந்த நூலளவால்தான். தையலில் வளைவு இருந்தால் உடனே பிடிக்கிற பையரின் கண், இதையும் பிடிக்கும்.

பக்கத்து சீட்டில் இருந்த மூத்த அண்ணன் ஒருவர்தான் ஒருநாள் சொன்னார். "ஏனுங்க, கட்டிங்ல ஒவ்வொரு பீஸையும் டேப் வெச்சு அளந்தா வெட்டறாங்க? அட்டை வெச்சுத்தானுங்க வெட்டறாங்க. நீங்க முதல்ல அட்டையைச் செய்யுங்க." சொல்லிவிட்டு என் கணினியில், ஸ்லைடுகளுக்கெல்லாம் அச்சாக இருக்கும் ஸ்லைடு மாஸ்டரைத் திறந்தார். நான் பவர்பாயின்டின் ரசிகன் ஆனது அன்றுதான்.

பவர்பாயின்ட் 1987-இல் மாக்கின்டாஷுக்காக வந்த மென்பொருள். 97 பதிப்பில் அதற்குள் விஷுவல் பேசிக் மொழி குடியேறியது; அந்த மொழியில் எழுதும் கட்டளைத் தொகுப்புதான் மேக்ரோ. 2007 பதிப்பு ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொண்டது. நாம் விரும்பியபடி லேஅவுட் செய்து, பெயர் வைத்து, வேண்டிய இடத்தில் படத்துக்கும் எழுத்துக்கும் கட்டம் ஒதுக்கும் வசதியைக் கொடுத்தது; செய்வதைப் பார்த்துத் தானே மேக்ரோ எழுதிக்கொள்ளும் ரெக்கார்டரை எடுத்துவிட்டது. அதிலிருந்து பவர்பாயின்ட் மேக்ரோ என்றால் கையால் எழுதுவதுதான். கையால் எழுதுவதில்தான் எழுதுகிறவரின் தரம் தெரியும்.

சாதாரணமாக எழுதுகிறவர் என்ன செய்வார்? ஒவ்வொரு ஸ்லைடாகப் போய், இந்தப் படத்தை இடமிருந்து 48 பாயின்ட், மேலிருந்து 96 பாயின்ட் தள்ளி வை என்று கட்டளை எழுதுவார். வேலை நடக்கும். ஆனால் இது ஒவ்வொரு பீஸையும் டேப்பால் அளந்து வெட்டுகிற கதை. டேப் மட்டும் வேகமாக ஓடுகிறது. கைதேர்ந்தவரின் மேக்ரோவில் அளவு எண்களே அநேகமாக இருக்காது. அளவெல்லாம் லேஅவுட்டில் இருக்கும். எந்த ஸ்லைடுக்கு எந்த லேஅவுட் என்று சொல்வது மட்டுமே மேக்ரோவின் வேலை.

அந்த அண்ணன் எழுதிய மேக்ரோவைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். முதலில் அவர் செய்தது இரண்டு லேஅவுட். ஒன்றின் பெயர் 'முன்-பின்', இன்னொன்று 'முன் மட்டும்'. மேக்ரோ போட்டோ ஃபோல்டரைத் திறந்து, ஒவ்வொரு ஸ்டைல் நம்பரிலும் எத்தனை படம் இருக்கிறது என்று பார்க்கும். இரண்டு இருந்தால் முதல் லேஅவுட், ஒன்றே இருந்தால் இரண்டாவது. லேஅவுட்டை அது வரிசை எண்ணால் கூப்பிடாது. நடுவில் யாராவது இன்னொரு லேஅவுட் சேர்த்தால் மூன்றாவது நான்காவதாகிவிடும் அல்லவா? அதனால் ஒவ்வொன்றாகப் பெயரைப் படித்துப் பார்த்து, பெயர் பொருந்தினால்தான் எடுக்கும். குடோனில் "மூன்றாவது பண்டலை எடு" என்று சொல்லாமல் ஸ்டைல் நம்பரைச் சொல்லிக் கேட்கிற அதே பழக்கம்.

படத்துக்கு ஒதுக்கிய கட்டத்தில் இன்னொரு நுட்பம். படம் மட்டுமே ஏற்கும் கட்டத்தில் போட்டோவைப் போட்டால் பவர்பாயின்ட் கட்டத்தை முழுதாக நிரப்பும், மிஞ்சியதை வெட்டிவிடும். எதையும் ஏற்கும் பொதுக் கட்டமோ, படத்தை வெட்டாமல் சுருக்கி உள்ளே வைக்கும். மற்றவர்களுக்கு இது சின்ன விஷயம். நமக்கு வெட்டுப்படுவது கழுத்து ரிப்பாகவோ அடி மடிப்பாகவோ இருக்கும். பையர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். அண்ணன் எங்கள் போட்டோக்கள் நாலுக்கு ஐந்து என்ற விகிதத்தில் இருப்பதைப் பார்த்து, கட்டத்தையும் 288-க்கு 360 பாயின்ட் என்று வைத்தார். பவர்பாயின்டின் கணக்கில் 72 பாயின்ட் ஓர் அங்குலம்; ஆகவே சரியாக நாலங்குலத்துக்கு ஐந்தங்குலம். கட்டம் நிரம்பும், ஒரு நூல்கூட வெட்டுப்படாது.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வரி. ஸ்லைடின் லேஅவுட்டை எடுத்து அதே ஸ்லைடுக்கே திரும்பக் கொடுக்கும் வரி அது. படிப்பவருக்கு வீண் வேலையாகத் தோன்றும். தன்னிடம் இருப்பதையே தனக்குத் தருவதில் என்ன லாபம்? ஆனால் அந்த ஒரு வரி ஓடியதும், யார் யாரோ இழுத்து நகர்த்திய தலைப்பும் படமும் லேஅவுட் சொன்ன இடத்துக்குத் திரும்பிவிடும். நிட்டிங் துணியை ரோலிலிருந்து பிரித்தவுடன் யாரும் வெட்டுவதில்லை. சுற்றும்போது இழுபட்ட துணி அது. விரித்து, பல மணி நேரம் ரிலாக்ஸ் ஆக விட்டு, தன் இயல்பான அளவுக்கு அது வந்த பிறகுதான் கட்டிங். அந்த வரியை நான் பார்க்கும்போதெல்லாம் மேஜைமேல் விரித்து விட்ட துணிதான் ஞாபகம் வரும்.

திரும்பி வருவது லேஅவுட்டில் பிறந்தது மட்டும்தான். தனியாக ஒட்டிய போட்டோவும், போகிற போக்கில் போட்ட டெக்ஸ்ட் பாக்ஸும் அசையாது. அவற்றுக்குத் திரும்பிப் போக வீடு கிடையாது. ஆகவே மேக்ரோவின் அழகு மேக்ரோவுக்கு வெளியே, லேஅவுட் செய்யும் நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது.

கடைசியாகச் சுத்தம் செய்யும் வேலை. பழைய ஃபைல்களிலிருந்து ஸ்லைடுகளை எடுத்து ஒட்டும்போது வேண்டாத லேஅவுட்கள் குப்பையாகச் சேரும். அவற்றை நீக்கும் மேக்ரோ கடைசியிலிருந்து முதலுக்கு வர வேண்டும். முதலிலிருந்து போனால், ஒன்றை நீக்கியதும் இரண்டாவது முதலாவதாகிவிடும். அடுத்த அடியில் ஒன்று தப்பிவிடும். ரிப் துணியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ரிப்பை நினைத்த முனையிலிருந்தெல்லாம் பிரிக்க முடியாது. கடைசியாகப் பின்னிய முனையிலிருந்துதான் நூல் வரும். இன்னொன்று: ஸ்லைடு உபயோகித்துக்கொண்டிருக்கும் லேஅவுட்டை நீக்கப் பவர்பாயின்ட் மறுத்து, பிழை என்று சொல்லும். பிழை வந்தால் அடுத்ததுக்குப் போ என்று அந்த ஒரு வரிக்கு மட்டும் எழுதிவைத்தால், அந்த மறுப்பே காவலாகிவிடும். வேண்டியது நிற்கும், வேண்டாதது போகும்.

பையருக்குப் போகும் ஃபைலில் மேக்ரோ இருக்கக் கூடாது. இணையத்தில் வந்த ஃபைல்களின் மேக்ரோவை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுத்துவிடுகிறது. அவர் திறந்தால் எச்சரிக்கைப் பட்டைதான் முதலில் தெரியும். அதனால் மேக்ரோ உள்ள ஃபைலைக் கம்பெனியிலேயே வைத்துக்கொண்டு, சாதாரண ஃபைலாகச் சேமித்து அனுப்புவோம். வீடு முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவது போலத்தான். பேட்டர்ன் அட்டையும் கார்ட்டனில் ஏறிக் கப்பலுக்குப் போவதில்லை. பையர் பார்ப்பது பக்கம் புரளும்போது அசையாமல் நிற்கும் 80 படங்களை மட்டுமே. அவை ஏன் அசையவில்லை என்று அவர் கேட்கப் போவதில்லை.

அந்த மேக்ரோ மொத்தம் நாற்பது வரிகூட இருக்காது. ஒரு சீசன் கழித்து இன்னொரு பையர் வேறு அமைப்பு கேட்டபோது, அண்ணன் மேக்ரோவில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. இரண்டு லேஅவுட்டை மட்டும் திருத்தினார். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் 80 ஸ்லைடும் புது உருவத்தில் இருந்தன. வேலை மாறும்போது எதைத் தொட வேண்டியதில்லையோ, அதுதான் நல்ல மேக்ரோ என்று அன்று எனக்குப் புரிந்தது.

மெர்ச்சண்டைசிங்குக்குப் புதிதாக வரும் தம்பி, தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். விஷுவல் பேசிக்கை அடுத்த வாரம் படித்துக்கொள்ளலாம். இன்றைக்கு மவுஸை வைத்துவிட்டு, ஸ்லைடு மாஸ்டரைத் திறங்கள். ஒரே ஒரு லேஅவுட் செய்து, அதற்கு நல்ல பெயர் ஒன்று வையுங்கள். அட்டை முதலில், கத்தரி பிறகு.