அலாரம் அடிக்கலைன்னா யார் பொறுப்பு?

2025 பிப்ரவரியில் அமெரிக்க எஃப்.டி.ஏ. ஓர் எச்சரிக்கை விட்டது. சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் செயலிகளில், ஆபத்து நேரத்தில் அடிக்க வேண்டிய அலாரம் சிலருக்கு அடிக்கவே இல்லை. ஃபோன் அப்டேட் ஆனது, ‘டு நாட் டிஸ்டர்ப்’ போட்டிருந்தது, புதுசா ப்ளூடூத் ஹெட்செட் மாட்டியது, இவைதான் காரணமாம். உயிரிழப்புக்கும் இது காரணமாகியிருக்கலாம் என்கிறார்கள். தீர்வு? மாதம் ஒருமுறையாவது செட்டிங்ஸைப் பாருங்கள்!

எனக்கு இங்கேதான் இடிக்குது. 2024-ல் டாண்டம் நிறுவனத்தின் டி:கனெக்ட் ஐஃபோன் செயலி (2.7 பதிப்பு) விழுந்து விழுந்து எழுந்ததில் இன்சுலின் பம்ப்பின் பேட்டரி காலியானது. 224 பாதிப்புப் புகார்கள். நல்லவேளை, உயிரிழப்பு இல்லை. அது முதல் வகை ரீகால் ஆனது, திருத்திய பதிப்பும் வந்தது. செயலி கெட்டால் கம்பெனி பொறுப்பு. ஃபோனும் செயலியும் ஒத்துப்போகலைன்னா மட்டும் நோயாளி பொறுப்பா?

இந்தியாவிலும் 2020 ஏப்ரல் முதல் மருத்துவ சாஃப்ட்வேர் சட்டப்படி மருந்துக் கணக்கில்தான் வருது. பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓடும் வீட்டில் ஃபோன் அலாரம் ஒழுங்காக அடித்தாலே காதில் விழாது. அங்கே போய் ஒரு பாட்டியிடம் மாதாமாதம் ஆங்கில மெனுவைத் திறந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு வரமுடியுமா? அலாரம் முடங்கியதைச் செயலியே கண்டுபிடித்து, வீட்டில் இன்னொருவர் ஃபோனுக்குச் சொல்லட்டும். அதைச் செய்யாத செயலிக்கு அனுமதி எதற்கு?